அமாசா ரூட்டின் கையெழுத்து

மெர்ரில் ஹாஸ்கின்ஸ் ஆட்டக்காரர்களின் கையெழுத்தைச் சேர்ப்பதில்லை. அதற்கு நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். பேஸ்பால் வெறும் பிள்ளை விளையாட்டாக இருந்த காலத்தில் அதற்குப் பந்து தைத்தவர்கள், மட்டை கடைந்தவர்கள், கையுறைக்குத் தோல் வெட்டியவர்கள், பிறகு அதையே கடையாக்கி ஊர் ஊராக அனுப்பியவர்கள் ஆகியோரின் கையெழுத்துதான் அவருக்கு வேண்டும். முப்பது வருடத்தில் நாற்பத்தோரு பேரைப் பிடித்திருந்தார்.

தொழில் நில அளவை. மாசசூசெட்ஸின் பாதி வேலிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அவருக்குத் தெரியும். வயது அறுபத்திரண்டு. மனைவி பிரிந்துபோய்ப் பதினாறு வருடம் ஆகிவிட்டது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

சேகரிப்பாளர்கள் நடுவில் அவருக்கு இருந்த பெயர் ஒரே ஒரு மனிதரால் வந்தது. ஹாட்விக் ஊர்க்காரர் அமாசா ரூட். உள்நாட்டுப் போரிலிருந்து திரும்பிவந்து செருப்புப் பட்டறையில் பந்து தைக்கத் தொடங்கியவர். பத்தே வருடத்தில் ரூட் பந்து இல்லாமல் கனெக்டிகட் நதிக்கரையில் ஒரு கழகமும் ஆடாது என்ற நிலைக்குக் கொண்டுவந்தவர். அவர் கையெழுத்து உலகத்தில் நான்குதான் இருந்தன. 1978இல் சேகரிப்பாளர் சங்கத்தின் செய்தித்தாளில் மெர்ரில் ஒரு கட்டுரை எழுதினார். உண்மையான ரூட் கையெழுத்தில் ஆங்கில 'ஏ' மேலே மூடாது. 'ஆர்' எழுத்தின் கால், பின்னால் வரும் மூன்று எழுத்துக்கும் அடியில் வாய்க்கால் போல நீண்டு ஓடும். அந்தக் கட்டுரைக்குப் பிறகு ரூட் என்றால் மெர்ரில்தான். அவர் சான்று எழுதிக் கொடுத்தால் ஏலக்காரர்கள் மறுகேள்வி கேட்பதில்லை.

1994 செப்டம்பரில் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஹாஸ்கின்ஸ் சார் தானே? என் பேரு லோயிஸ் கன்னிங். பள்ளிக்கூட பஸ் ஓட்டறேன். என் அம்மா பொறந்த வீட்டுப் பேரு ரூட். அமாசா ரூட்டு கடுதாசியெல்லாம் ஒரு பெட்டில கெடக்கு. நீங்கதான் பாக்கணும்னு நூலகத்துல சொன்னாங்க."

மெர்ரில் பென்சிலைக் கீழே வைத்தார். "எத்தனை கடுதாசி?"

"பதினொண்ணு. அப்புறம் ஒரு தடிப் புத்தகம்."

மறுநாளே போனார். ஹாட்விக்கைத் தாண்டி ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவில் வீடு. வாசலில் மஞ்சள் பஸ் நின்றது. லோயிஸுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். குட்டை முடி, தடித்த கைகள். சமையலறை மேசைமேல் காப்பியையும் மேப்பிள் பாகு ஊற்றிய சோளரொட்டியையும் வைத்துவிட்டு, பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"கிணறு கலங்கிப்போச்சு. புதுசா தோண்டணும். இது ஏதாவது போகுமானு பாருங்க."

பதினொரு கடிதங்களும் கம்பளிநூல் ஆலைக்காரர் ஒருவருக்கு எழுதியவை. அவருடைய பேத்தி பின்னாளில் ரூட் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். கடிதங்களும் அவளோடு வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் மூடாத 'ஏ', வாய்க்கால் கால் நீட்டிய 'ஆர்'. தடிப் புத்தகம், கடையிலிருந்து அனுப்பிய கடிதங்களை ஈரத்தாளில் அழுத்தி எடுத்த நகல்கள். ஐந்நூறு பக்கம் இருக்கும். மெர்ரிலின் காது சூடாயிற்று. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஏலக்கூடங்களில் பழகிய முகம்.

பெட்டியின் அடியில் நான்காக மடித்த ஒரு நீலத்தாள் கிடந்தது. 1881இல் போர்வீரர் ஓய்வூதியத்துக்காகக் கொடுத்த வாக்குமூலம், வீட்டில் வைத்துக்கொள்ள எழுதிய இரண்டாம் அசல். பீரங்கிச் சத்தத்தில் காது போனது, 1874இல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை படைவீரர் மருத்துவமனையில் காதுச் சீழுக்குப் படுத்திருந்தது, எல்லாம் வரிசையாக இருந்தன. அடியில் எழுத்தர் 'அமாசா ரூட்' என்று எழுதி நடுவில் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், 'இவருடைய அடையாளம்'. சாட்சி: திர்சா ரூட், மனைவி. அந்த 'ஆர்' எழுத்தின் கால் மூன்று எழுத்துக்கும் அடியில் ஓடியது.

லோயிஸ் எட்டிப் பார்த்தாள். "அது என்ன கோடு?"

"கையெழுத்துப் போட முடியாதவங்க போடற அடையாளம்."

"அப்ப இதெல்லாம் யாரு போட்டது?" என்று மற்ற கடிதங்களைக் காட்டினாள்.

மெர்ரில் கொஞ்சம் காப்பி குடித்தார். "அன்னிக்குக் கையில ஏதாவது காயம் பட்டிருக்கலாம். தோல் வெட்டற தொழில்தானே."

"இருக்கலாம்," என்றாள். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொள்ள அவரை நம்பிக் கொடுத்தனுப்பினாள். ரசீதுகூட வேண்டாம் என்றாள். அவராகவே எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து நகல் புத்தகத்தைப் படித்தார். பதினேழு வருடமாக அமாசா ரூட் என்ற மனிதர் அவருக்குப் பழக்கம். நான்கு கையெழுத்தில் இரண்டு கடிதங்களில் இருந்தன. அந்த இரண்டையும் மெர்ரில் மனப்பாடமாகச் சொல்வார். சிக்கனமான, சிரிக்காமல் சிரிக்க வைக்கிற ஆள். இந்தப் புத்தகத்திலும் அதே ஆள்தான் பேசினார். பந்து பிய்ந்துபோனதாகப் புகார் அனுப்பிய ஒரு கழகத்துக்கு, 'தங்கள் கழகத்தார் பந்தைக் கொண்டு ஆடினார்களா அல்லது வேலிக்கு ஆணி அடித்தார்களா என்று தெரிவித்தால் அதற்குத் தக்கபடி தைத்து அனுப்பச் சித்தமாயிருக்கிறேன்' என்று எழுதியிருந்தது. மெர்ரில் தனியாக இருந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு 1874 மார்ச்சுக்கு வந்தார். 'நேற்று நானே பட்டறையில் நின்று இருபது டஜன் தைக்க வைத்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாலைதான் சேறு' என்று ஆலைக்காரருக்கு ஒரு கடிதம். நீலத்தாளை எடுத்துத் தேதிகளை ஒப்பிட்டார். அந்த மார்ச்சில் அமாசா ரூட் எழுபது மைல் தள்ளி மருத்துவமனையில் படுத்திருந்தார்.

அதன் பிறகும் மெர்ரில் ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தார். ஒரு கடிதத்தை மனைவி எழுதியிருக்கலாம். எல்லாவற்றையும் எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. 1881இல் கை நடுங்கியிருக்கலாம். பத்திரப்பதிவு அலுவலகத்துப் புத்தகங்கள் உதவா. அவையெல்லாம் குமாஸ்தா பார்த்தெழுதிய நகல்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் 1862இல் இருபது வயதில், நல்ல கையோடு, படையில் சேர்ந்தபோது அமாசா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அதன் பிரதி கேட்டு வாஷிங்டன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினார். ஆறு வாரம் ஆகும் என்று பதில் வந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னாள் படைவீரர் மன்றத்தின் கூடத்தில் வழக்கமான பழந்தாள் சந்தை கூடியது. அந்த வருடம் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். இறுதிப் போட்டிகளே கிடையாது. கூடத்து மூலையில் இருந்த தொலைக்காட்சியில் மீன்பிடி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் யாரையோ புதைத்துவிட்டு வந்தவர்கள்போல இருந்தார்கள்.

டெல்ஃபின் ஆர்க்கண்ட் தன் மேசைக்குப் பின்னால் சிப்பி சூப் குடித்துக்கொண்டிருந்தாள். பழைய தாள் வியாபாரி, வயது அறுபத்தெட்டு. மெர்ரிலுக்கு முதல் கையெழுத்தை விற்றவள் அவள்தான். நான்கு ரூட் கையெழுத்துகளில் ஒன்று அவளிடம் இருந்தது. நவம்பர் பத்தொன்பதாம் தேதி பாஸ்டனில் நடக்கவிருந்த ஏலத்துக்கு அதைக் கொடுத்திருந்தாள், மெர்ரிலின் சான்றோடு.

மெர்ரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"சரி, அந்த நீலத்தாளை யாரு பாத்தா? நீ பாத்த. பஸ் ஓட்டறவ பாத்தா. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப அதையும் சேத்து வாங்கி உன் பெட்டில போட்டுட்டுப் பேசாம இரு."

"வாஷிங்டன்லேருந்து இன்னும் வரலை."

"வாஷிங்டனுக்கு வேற எழுதிட்டியா? உன்னை யாரு கேட்டா? செத்தவன் கேட்டானா?" டெல்ஃபின் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டாள். "இதப் பாரு மெர்ரில். பொண்டாட்டி எழுதினா புருஷன் எழுதினமாதிரிதான். என் புருஷன் இருந்தவரைக்கும் அவர் செக்குல எல்லாம் நான்தான் கையெழுத்துப் போட்டேன். பேங்குக்கே தெரியும்."

"பேங்கு அதை அவர் கையெழுத்துன்னு சொல்லி யாருக்கும் விக்கலையே."

"பெரிய தர்மராசன்." அவள் சிரிக்கவில்லை. "எனக்கு முழங்கால் ரெண்டையும் மாத்தணும். அந்த ஏலத்தை நம்பித்தான் நாள் குறிச்சிருக்கேன். அதையும் உன் தராசுல போட்டுக்கோ."

மெர்ரில் போட்டுக்கொண்டார். அதனால் தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை, பாரம்தான் கூடிற்று.

நவம்பர் பதினைந்தாம் தேதி காலை உறை வந்தது. அன்று ஒரு பண்ணையின் எல்லையைப் பார்க்க வேண்டியிருந்தது. உறையைப் பிரிக்காமல் வண்டியில் முன்னிருக்கையில் போட்டுக்கொண்டு போனார். கம்பம் நட்டு, சங்கிலி இழுத்து, மதியம்வரை வேலை பார்த்தார். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பாதி தின்றபின் பிரித்தார். தொழில்: செருப்புத் தைப்பவர். உயரம்: ஐந்தடி ஏழு. கண்: நீலம். கீழே ஒரு பெருக்கல் குறி. ஒரு கோடு நீளம், ஒரு கோடு குட்டை. பேனா மூக்கு தாளைக் கிழித்திருந்தது. பழக்கமில்லாத பொருளை அழுத்திப் பிடித்த கை.

மீதி சாண்ட்விச்சையும் தின்று முடித்தார். சாலையோரக் கடையிலிருந்து ஏலக்காரரைக் கூப்பிட்டு, தன் சான்றைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.

"சார், பட்டியல் அச்சாகி எல்லாருக்கும் போயாச்சு."

"தெரியும்."

"யாராவது உங்கள மெரட்டினாங்களா?"

"இல்ல. நான் தப்பாச் சொல்லியிருந்தேன்."

அன்று சாயங்காலம் டெல்ஃபினைக் கூப்பிட்டார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "நீ சர்வேயரு, உனக்குக் கோடு கிழிக்கத்தான் தெரியும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளிடமிருந்து ஒரு சத்தமில்லை.

சங்கச் செய்தித்தாளுக்கு இரண்டு பக்கம் எழுதினார். 1978இல் எழுதியதில் எழுத்துகளைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி, ஆளைப் பற்றிச் சொன்னதுதான் தவறு என்று தொடங்கினார். வருத்தம் தெரிவிப்பதாக ஒரு வரி எழுதி, அது போதாது என்று தோன்றி, அதை அடித்துவிட்டு, தன் சான்றை நம்பி வாங்கியவர்களிடம் அதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதினார். அப்படி வாங்கியவர் ஒருவர்தான், ஒஹாயோவில் ஒரு பல்மருத்துவர். அவர் மறு தபாலிலேயே அனுப்பிவிட்டார், ஒரு வார்த்தை எழுதாமல். அதற்காக மெர்ரில் தன் நாற்பத்தோரு பேரில் ஆறு பேரை விற்க வேண்டியிருந்தது. முதல் கையுறை வியாபாரிகளில் இருவர் அதில் போனார்கள். அவர்கள் மறுபடி கிடைக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

டிசம்பரில் லோயிஸ் வீட்டுக்குப் போனார். பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு பெருக்கல் குறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். விலை பத்தில் ஒரு பங்குகூட வராது என்பதை முதலிலேயே சொன்னார். கெட்ட செய்தியை அவர் கடைசிக்கு வைப்பதில்லை.

லோயிஸ் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"கண்ணாடி," என்றாள்.

"என்ன கண்ணாடி?"

"எங்க அம்மா சொல்லும். அமாசா தாத்தா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சர்ச்சுல பாட்டுப் புஸ்தகத்தை மூடியே வச்சிருப்பாராம். கேட்டா, கண்ணாடிய மறந்து வீட்ல வச்சிட்டேம்பாராம். முப்பது வருஷமா மறந்தாராம். அவர் செத்தப்பறம் வீடு பூராத் தேடினாங்களாம், சவப்பொட்டியில கூட வச்சி அனுப்பலாம்னு. அப்படி ஒரு கண்ணாடியே இல்ல. எல்லாரும் அதை ஞாபகமறதிக் கதையாத்தான் சொல்லிக்கிட்டிருந்தோம்."

மெர்ரிலும் சிரித்தார்.

"அப்ப அந்த நக்கலெல்லாம் பாட்டியோடதா?" என்று கேட்டாள். "வேலிக்கு ஆணி அடிச்சீங்களான்னு கேட்டது?"

"அதைச் சொல்ல முடியாது. அவர் சொல்லச்சொல்ல அந்தம்மா எழுதியிருக்கலாம். எழுதத் தெரியாதவன்னா பேசத் தெரியாதவன்னு இல்லையே. எழுபத்துநாலு மார்ச்சுல எழுதினது மட்டும் நிச்சயமா அவங்களோடது."

"அதுலயும் நக்கல் இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம் கூடவே இருக்கு."

லோயிஸ் எழுந்து காப்பிச் சட்டியை எடுத்துவந்தாள். "நீங்க இதைச் சொல்லாம பதினொண்ணையும் நல்ல விலைக்கு வித்துக் குடுத்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்கும். மொதல் நாளே கேட்டீங்க, அப்ப இதெல்லாம் யாரு போட்டதுன்னு. நான்தான் காயம் கீயம்னு மழுப்பினேன்."

"அது சரிதான்," என்றாள். அவருக்கு ஆறுதல் சொல்ல அவள் முயலவில்லை.

பெட்டியை ஒரு கல்லூரி நூலகம் வாங்கிக்கொண்டது. பெண்கள் நடத்திய பழைய தொழில்களின் காகிதங்களைச் சேர்க்கிற நூலகம். மெர்ரில்தான் எழுதிக் கேட்டார். கொடுத்த பணம் கிணற்றுக்கு ஏறக்குறைய சரியாக இருந்தது. பம்புக்கு லோயிஸ் கைப்பணம் போட்டாள். நீலத்தாளை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டாள். அதற்கு மூன்று சேகரிப்பாளர்கள் அவளைக் கூப்பிட்டு விலை கேட்டார்கள். மூன்றாவது ஆள் சொன்ன தொகை பதினொரு கடிதத்துக்கும் கிடைத்ததைவிட அதிகம். "அது ஒண்ணுதான் அவர் கைபட்டது, அதையும் குடுத்துட்டா எப்படி?" என்று அவரிடம் சொல்லிவிட்டாளாம்.

சங்கம் தன் பட்டியலில் ரூட் பெயரை எடுத்துவிட்டது. இப்போதெல்லாம் மெர்ரிலிடம் சான்று கேட்டு யாரும் வருவதில்லை. ஒருமுறை தவறியவர் என்று ஒரு சாரார் ஒதுங்கினார்கள். இன்னொரு சாரார், நாளைக்கு நம் சரக்கையும் இப்படித் தோண்டிவிடுவார் என்று ஒதுங்கினார்கள். இரண்டும் நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது.

ஏப்ரலில் டெல்ஃபின் கூப்பிட்டாள். வணக்கம் சொல்லவில்லை.

"மட்டை கடைஞ்ச ஒருத்தன் கடுதாசி வந்திருக்கு. ஈரமா இருந்த தாளு, ஒண்ணும் படிக்க முடியலை. வந்து பாக்கறியா?"

"வரேன். முழங்கால் எப்படி இருக்கு?"

"ஒண்ணு மாத்தியாச்சு. இன்னொண்ணுக்கு உன்னைத்தான் திட்டிக்கிட்டு நடக்கறேன். வரும்போது டோனட் வாங்கிட்டு வா."

அவர் போனார். கடிதம் உதவாத கடிதம். இருவரும் அதை ஒரு மணிநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ரூட் பற்றிப் பேச்சே வரவில்லை.

கோடையில் கல்லூரி நூலகத்திலிருந்து அழைப்பு. நகல் புத்தகத்தை வகைப்படுத்தும் இளம் நூலகருக்கு ஒரு சந்தேகம். மெர்ரில் போனபோது, புத்தகத்தின் கடைசி அட்டைக்கு உட்புறம் ஒட்டியிருந்த வெற்றுத்தாளை அவள் விரித்து வைத்திருந்தாள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் அவர் அதைப் பார்க்கத் தவறியிருந்தார். அங்கே பென்சிலால் 'ஏ' எழுத்து, வரிசையாகப் பதினான்கு. முதல் மூன்று ஒழுங்கான கை. பின்பற்றி எழுதச் சொல்லி யாரோ போட்டுக் கொடுத்தவை. மற்றவை கோணல். சில கவிழ்ந்திருந்தன. பதினான்காவது பாதியில் நின்றது.

"இது அமாசா ரூட்டா சார்? மனைவி சொல்லிக் குடுத்திருக்காங்க, இவர் கத்துக்கப் பாத்திருக்காரு, அப்படித்தானே?" நூலகரின் குரலில் ஆவல் இருந்தது. "அட்டவணைல போட்டுடவா?"

மெர்ரில் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். கோடுகளின் அழுத்தத்தைப் பார்த்தார். பென்சில் எங்கே தயங்கியது, எங்கே தாளைக் குத்தியது என்று பார்த்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"அவங்களுக்கு அஞ்சு பிள்ளைங்க," என்றார். "அதுல ஒண்ணு எழுதினதாவும் இருக்கலாம்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணறத அட்டவணைல போட முடியாதும்மா. 'யாருடைய கை என்று தெரியவில்லை'னு போடுங்க."

அவள் எழுதிக்கொண்டாள். மெர்ரில் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். வாசிப்பறை மூடுவதற்கு இன்னும் இரண்டு மணிநேரம் இருந்தது. புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.